வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்லூரி முடித்த பிள்ளை இருப்பவர்கள், அதிலும் "வெளிநாட்டுக்கு அனுப்பலாமா" என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்கள், பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் என் மாடித் தோட்டத்துப் படங்களுக்குக் காத்திருங்கள், நாளை போடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐம்பது வயதாகப் போகிறது, கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். 'வந்தார்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்து என்னிடம் திட்டு வாங்கிய பையனை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை, அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். கூடவே அவன் மகள். பி.பி.ஏ. முடித்திருக்கிறாள், நல்ல மார்க். மார்க்கெட்டிங் துறையில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். அப்பாவுக்கு நான் டீச்சர் என்பதால் அவளும் என்னை டீச்சர் என்றே கூப்பிடுவாள்.

கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே இங்கிலாந்தில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்கள் அனுப்பிய சேர்க்கைக் கடிதங்கள். ஒன்று எம்.பி.ஏ., இன்னொன்று எம்.எஸ்சி. மார்க்கெட்டிங். இரண்டும் ஒரு வருடப் படிப்பு. கடிதங்களுக்கு அடியில் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ்.

"எதுல சேக்கலாம்னு நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சர். மதுரையில கன்சல்டன்சிக்காரர், எம்.பி.ஏ.ன்னா உலகம் பூராவும் தெரியும், எம்.எஸ்சி.ன்னா அது வாத்தியார் படிப்புன்னு சொல்றாரு."

வாத்தியாரிடமே வந்து இதைச் சொல்கிறானே என்று சிரித்துவிட்டேன். அவனுக்குச் சட்டென்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நான் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒன்றியப் பள்ளிகளில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். எம்.பி.ஏ.வைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் ஒரு வாரம் தவணை கேட்டேன். தங்கை மகளை உட்கார்த்தி வைத்துக்கொண்டு, நாலைந்து சாயங்காலம் அந்தப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களையும் விசா விதிகளையும் வரி வரியாகப் படித்தேன். விடைத்தாள் திருத்திய கண்கள், எழுத்து பொடியாக இருந்தால் விடமாட்டேன்.

படித்ததில் முதலில் பிடிபட்டது, நம் குழப்பம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது. நம் ஊரில் எம்.பி.ஏ. என்றால் டிகிரி முடித்த மறுமாதமே சேருகிற படிப்பு. பி.காம். முடித்தால் எம்.பி.ஏ., என்ஜினீயரிங் முடித்து வேலை கிடைக்காவிட்டால் எம்.பி.ஏ. டான்செட் எழுதினால் போதும், ஒரு நாள் கூட வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. ஐ.ஐ.எம்.களிலும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே எம்.பி.ஏ. என்பது பி.பி.ஏ.வுக்கு அடுத்த வகுப்பு, ஐந்துக்கு அடுத்து ஆறு மாதிரி, என்று நம் மனதில் பதிந்துவிட்டது.

இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அப்படி இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டில் 1908இல் இந்தப் படிப்பு தொடங்கியது. இன்றைக்குப் பெயர் பெற்ற இடங்களில் அது சில வருடம் வேலை பார்த்துவிட்டு, மேலே ஏறவோ பாதை மாறவோ நினைக்கிறவர்களுக்கான படிப்பு. வார்விக், இம்பீரியல் போன்ற இடங்களில் குறைந்தது 3 வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். லண்டன் பிசினஸ் ஸ்கூல் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் சராசரி அனுபவமே 5 வருடத்துக்கு மேல். லண்டனில் ஆம்பா என்றொரு அமைப்பு உலகம் முழுக்க எம்.பி.ஏ. படிப்புகளைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கிறது. சேருகிற மாணவருக்குக் குறைந்தது 3 வருட அனுபவம் வேண்டும் என்பது அவர்களுடைய விதிகளில் ஒன்று.

அப்படியானால் கவருக்குள் இருக்கிற அந்த எம்.பி.ஏ., 21 வயதுப் பிள்ளையை, ஒரு நாள் அனுபவம் கூடக் கேட்காமல் எப்படிச் சேர்த்துக்கொண்டது?

கட்டணத்தைப் பார்த்தேன். எம்.எஸ்சி.க்கு 22 ஆயிரம் பவுண்டு, எம்.பி.ஏ.வுக்கு 19 ஆயிரம். எம்.பி.ஏ. குறைவு! பெயர் பெற்ற இடங்களில் எம்.பி.ஏ. கட்டணம் 40, 50 ஆயிரம் பவுண்டில் தொடங்குகிறது. லண்டன் பிசினஸ் ஸ்கூலில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒருத்தன் பாதி விலைக்குத் தங்கம் தருகிறேன் என்றால் நாம் வாங்குவதற்கு முன் உரசிப் பார்க்க மாட்டோமா? படிப்பு என்றதும் உரசிப் பார்க்க ஏன் கூச்சப்படுகிறோம்?

அனுபவம் ஏன் அத்தனை முக்கியம் என்று அவனுக்குப் புரியவைக்க என் கதையைத்தான் சொன்னேன். பத்தொன்பது வயதில் பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் படித்தேன். பியாஜே சொன்ன வளர்ச்சி நிலைகள், எந்த வயதில் குழந்தைக்கு எது புரியும் என்பதெல்லாம் மனப்பாடம். தேர்வில் அப்படியே எழுதினேன், மார்க்கும் வந்தது. முதல் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றபோது அதில் ஒரு வரி கூட உதவவில்லை. பிறகு 2007இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது பணியிடைப் பயிற்சிக்குப் போனேன். சர்வீஸ் இருபத்தைந்து வருடத்தைத் தாண்டிவிட்டது. அதே விஷயங்களைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் வகுப்பில் ஒரு முகம் ஞாபகம் வந்தது. "ஓ, அந்தப் பையன் கழித்தலில் தடுமாறினது இதனாலதானா" என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் அவர்கள் வகுப்புக் கதைகளைச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தவரைவிட அவர்களிடம்தான் அதிகம் கற்றேன்.

எம்.பி.ஏ. என்பது பணியிடைப் பயிற்சி. எம்.எஸ்சி. என்பது ஆரம்பப் பயிற்சி. என் புத்திக்கு எட்டியவரை வித்தியாசம் இதுதான். எம்.பி.ஏ. வகுப்பில் ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலைக் கொடுத்து, நீ அந்த மேலாளராக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு விவாதிக்க வைக்கிறார்கள். வங்கியில் இருந்தவர், தொழிற்சாலையில் இருந்தவர், மருந்து விற்றவர் எல்லாரும் அவரவர் பட்டதைச் சொல்லும்போதுதான் அந்த விவாதத்துக்கு உயிர் வரும். ஒன்றும் படாத நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து அதே பாடத்தை நடத்தினால், பத்தொன்பது வயதில் நான் பியாஜேயைப் படித்த கதைதான்.

கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத்தைப் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னை லயோலாவில் இயற்பியல் படித்தவர். உடனே மேலாண்மை படிக்க ஓடவில்லை. யூனியன் கார்பைடில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்குப் போனார், அதற்குப் பிறகு ஹார்வர்ட். ஏழைகளையும் வாடிக்கையாளர்களாகப் பார்க்கச் சொல்லி 2004இல் அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் பேசப்பட்டது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருப் பையன் ஒருவனின் கதை இதற்கு நேர் எதிர். பி.பி.ஏ. முடித்த கையோடு இங்கிலாந்தில் எம்.பி.ஏ. சேர்ந்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. வகுப்பில் பாதிக்கு மேல் நம் நாட்டுப் பிள்ளைகள், எல்லாரும் இவனைப் போலவே நேராகக் கல்லூரியில் இருந்து வந்தவர்கள். யாரிடம் என்ன கற்பது? படிக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது விதி. அதை ஒரு கிடங்கில் இரவு நேரத்தில் பெட்டி அடுக்கிக் கழித்தான். படிப்பு முடிந்ததும் மேலாளர் வேலைகளுக்கு மனுப் போட்டான். அனுபவம் எங்கே என்றார்கள். சரி என்று ஆரம்பநிலை வேலைகளுக்குப் போட்டான். எம்.பி.ஏ. படித்த நீ இதில் நிலைப்பாயா என்றார்கள். மேலேயும் ஏற முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல், திரும்பி வந்து இன்று சென்னையில் ஒரு கம்பெனியில் போனில் வாடிக்கையாளர்களைப் பிடிக்கிறான். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. பி.பி.ஏ.வை வைத்துக்கொண்டே அதில் சேர்ந்திருக்கலாம், அவன் அம்மாவின் நகை பீரோவிலேயே இருந்திருக்கும்.

எம்.எஸ்சி. மார்க்கெட்டிங் அப்படியொரு பொய்யைச் சொல்வதில்லை. அது பட்டம் முடித்த பிள்ளைகளுக்கென்றே வைத்த படிப்பு. வாடிக்கையாளர் மனம், சந்தை ஆய்வு, பிராண்டை வளர்ப்பது, இணைய விளம்பரம், எண்களை வைத்துக் கணிப்பது, கடைசியில் ஓர் ஆய்வேடு. எல்லாம் ஒரே துறை. எம்.பி.ஏ.வில் கணக்கியல், நிதி, ஆள் நிர்வாகம், உற்பத்தி எல்லாவற்றையும் தொட்டுவிட்டுக் கடைசியில்தான் மார்க்கெட்டிங்கில் கொஞ்சம் ஆழம் போக முடியும். எம்.எஸ்சி. முடித்தவளை யாரும் மேலாளராக எடுக்க மாட்டார்கள். முதல் படியில் நிறுத்துவார்கள். அந்தப் படி அவளுக்குச் சரியான உயரத்தில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இப்போது எம்.எஸ்சி. படித்தவள், ஐந்து வருடம் வேலை பார்த்தபின் நல்ல இடத்தில் எம்.பி.ஏ. படிக்கலாம். அந்தக் கதவு திறந்தே இருக்கும். இப்போதே ஏதோ ஓரிடத்தில் எம்.பி.ஏ. வாங்கிவிட்டவள், முப்பது வயதில் உண்மையாகவே அது தேவைப்படும்போது, ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறாயே, இன்னொன்று எதற்கு என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டும்.

சரி, எம்.எஸ்சி. என்று முடிவாகிவிட்டதா? இல்லை. கணக்கு இன்னும் போடவில்லையே.

வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான், தாளை எடுத்துவிட்டேன். பவுண்டு 115 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. 115 என்றே வைத்துக்கொண்டாலும் 22 ஆயிரம் பவுண்டு கட்டணம் 25 லட்சத்துக்கு மேல். தங்க, சாப்பிட வருடத்துக்கு 12 ஆயிரம் பவுண்டு என்று சிக்கனமாக வைத்தால் இன்னொரு 14 லட்சம். மருத்துவக் கட்டணம் என்று விசாவோடு சேர்த்து வருடத்துக்கு 776 பவுண்டு வாங்குகிறார்கள். விசாக் கட்டணம், விமான டிக்கெட். எல்லாம் சேர்த்தால் 40 லட்சத்தைத் தாண்டுகிறது. அவன் 40 லட்சம் கடன் வாங்குவதாகச் சொன்னான். 11 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் 55 ஆயிரம் ரூபாய்.

"படிக்கும்போது கட்ட வேண்டாம்னாங்களே டீச்சர்?"

கட்ட வேண்டாம்தான். ஆனால் வட்டி தூங்காது. படிக்கிற ஒரு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் ஒன்றும் கட்டாமல் இருந்தால், முழுத் தொகையும் முதலிலேயே கொடுக்கப்பட்டதாக வைத்தால், வட்டியே 8 லட்சத்து 80 ஆயிரம். அதையும் அசலோடு சேர்த்துத் தவணை போட்டால் மாதம் 67 ஆயிரம். இங்கே திரும்பி வந்து 40 ஆயிரம் சம்பளத்தில் சேருகிறவள் இதை எப்படிக் கட்டுவாள்? கட்டப்போவது ஹார்டுவேர் கடை. அவன் ஒன்றும் பேசவில்லை. கவரில் இருந்த பத்திர ஜெராக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேயே வேலை கிடைத்துவிட்டால் கடன் சீக்கிரம் அடைந்துவிடும் என்பதுதான் எல்லாரும் போடுகிற கணக்கு. அதிலும் விதிகள் மாறிவிட்டன. 2021இல் இருந்து, படிப்பு முடித்தவர்கள் இங்கிலாந்தில் 2 வருடம் தங்கி வேலை தேடலாம் என்று இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். 2026 செப்டம்பரில் சேருகிற பிள்ளை படிப்பை முடிப்பது 2027இல், ஆக அவளுக்கு 18 மாதக் கணக்குதான். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால், விசா பொறுப்பை ஏற்கிற கம்பெனியும் வேண்டும், அரசு சொல்கிற சம்பளமும் வேண்டும். 2025 ஜூலையில் அந்தச் சம்பளத்தைப் பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுண்டாகவும், புதிதாகப் படிப்பை முடித்தவர்களுக்கு 33,400 பவுண்டாகவும் உயர்த்தினார்கள். கன்சல்டன்சிக்காரர் கொடுத்த வண்ணத்தாளில் "2 வருட ஸ்டே பேக்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்தத் தாள் எந்த வருடத்தில் அச்சடித்ததோ!

இங்கிலாந்து மட்டும்தானா உலகம் என்றால், இல்லை. அயர்லாந்தில் முதுகலை முடித்தவர்கள் 2 வருடம் தங்கலாம். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, முடித்தபின் 18 மாதம் வேலை தேடலாம், ஆனால் ஜெர்மன் மொழி பேசாமல் மார்க்கெட்டிங் வேலையா? அமெரிக்காவில் படிப்புக்குப் பின் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், கணிதம் என்று அரசு வகைப்படுத்திய படிப்புகளுக்கு மட்டும் இன்னும் 24 மாதம் சேர்த்துத் தருகிறார்கள். எண்களை அலசுகிற மார்க்கெட்டிங் படிப்புகள் சில அந்த வகைக்குள் வருகின்றன. சாதாரண மார்க்கெட்டிங் படிப்புகள் பெரும்பாலும் வருவதில்லை.

இந்த மொழி விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு ஊர் எதுவானாலும் ஒன்றுதான். மார்க்கெட்டிங் அப்படியா? அது ஆட்களைத் தெரிந்துவைத்திருக்கும் தொழில். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விற்க லண்டனில் இருந்து கெட்டிக்காரன் ஒருவன் வந்து இறங்கினால், பஸ் ஸ்டாண்டில் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டும்போது என்ன சொல்லி நீட்டுவது என்று அவனுக்குத் தெரியுமா? கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பு தொடங்கினார். முழு பாட்டில் வாங்க முடியாதவர்களும் தலைக்குத் தேய்ப்பார்கள் என்று தெரிந்து சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்றார். காலிப் பொட்டலங்களைக் கொண்டுவந்தால் புதியது ஒன்று இலவசம் என்றார். நம் ஊர் வீடுகளின் பின்கட்டு வரை தெரிந்தவருக்கு வருகிற யோசனை அது.

அதே கஷ்டம்தான் நம் பிள்ளைக்கு அங்கே. பர்மிங்காமில் ஒரு வீட்டம்மா எதைப் பார்த்துச் சிரிப்பாள், எதற்கு முகம் சுளிப்பாள் என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவளோடு போட்டி போட வேண்டும். விளம்பர வாசகம் எழுதுவது, பிராண்டை நடத்துவது போன்ற வேலைகளில் இது பெரிய தடை. விற்பனை எண்களை அலசுவது, இணைய விளம்பரத்தில் எந்தக் காசு எங்கே போய் எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று கணக்குப் பார்ப்பது போன்றவற்றில் தடை குறைவு. எண்ணுக்குத் தாய்மொழி கிடையாது. ஆகவே வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எம்.எஸ்சி.யிலும் எண்கள் அதிகம் இருக்கிற பாடமாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இங்கேயே வந்து பெரிய கம்பெனியில் சேரலாம் என்றால் அதிலும் ஒரு சங்கதி. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் விற்கிற பெரிய நிறுவனங்கள் மேலாளர் பயிற்சிக்கான பிள்ளைகளைப் பெரும்பாலும் ஐ.ஐ.எம். போன்ற வளாகங்களுக்கே வந்து பொறுக்கிக்கொண்டு போகின்றன. வெளிநாட்டு எம்.எஸ்சி.யோடு வருகிறவள் அந்த வரிசையில் நிற்கவே இல்லை. இந்தியாவில்தான் வாழப்போகிறாள் என்றால் கேட் தேர்வுக்கு ஒரு வருடம் படிப்பது, இந்த 40 லட்சத்தைவிட நல்ல முதலீடு. அகமதாபாத்தில் மார்க்கெட்டிங்குக்கென்றே பெயர் வாங்கிய மைக்கா இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ்.ஸில் கட்டணம் சில லட்சங்களோடு முடிந்துவிடுகிறது. சேர்வது கடினம்தான், மறுக்கவில்லை.

ஆக, நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பு இது: எம்.பி.ஏ. இப்போது வேண்டவே வேண்டாம். எம்.எஸ்சி.யும் இந்த வருடம் வேண்டாம். இரண்டு வருடம் எங்காவது வேலை பார். சேல்ஸ் வேலையானாலும் சரி, வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கு. பிறகு என்ன படிப்பது என்று உனக்கே தெரியும். என் தங்கை மகளும் அப்படித்தான் செய்தாள். ஆறு வருடம் மதுரையிலும் சேலத்திலும் கடைக்காரர்களோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்குப் போனாள். இன்று நன்றாக இருக்கிறாள். இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்து, நல்ல தீர்ப்புத்தான் என்ற நினைப்பில் காப்பி போட எழுந்தேன்.

பிள்ளை பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள்.

"டீச்சர், நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா நான் ரெண்டு வருஷம் இங்க இருந்தேன்னா, வேலைக்கு எங்க போறது? இப்பவே ரெண்டு ஜாதகம் வந்திருக்கு. படிக்கப் போறேன்னு சொன்னாதான் அப்பா நிறுத்தி வச்சிருக்காரு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்கு நாள் உட்கார்ந்து விதி விதியாகப் படித்த எனக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள். முப்பது வருடத்துக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள்! எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர் வீட்டுக்கு நடந்திருக்கிறேன். ஒரு பையனுக்கு இரண்டு வருடம் பொறு என்பது நல்ல யோசனை. இவளுக்கு அதே யோசனை கல்யாண மண்டபத்தில் போய் முடியும். அவள் வாங்க நினைப்பது பட்டத்தை மட்டுமல்ல, இரண்டு வருடத்தையும் சேர்த்து. அதற்கு அவள் அப்பன் வீடு ஈடாகப் போகிறது.

அதனால் தீர்ப்பைத் திருத்தினேன். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவனிடம் நேராகவே கேட்டேன். "பிள்ளையை இங்கேயே வேலைக்கு அனுப்பினா, மூணு வருஷத்துக்கு ஜாதகத்தைக் கையில எடுக்க மாட்டேன்னு என் முன்னால சொல்லுவியா? சொன்னா உன் 40 லட்சம் மிச்சம், வீடும் மிச்சம். சொல்ல முடியாதுன்னா எம்.எஸ்சி.க்கு அனுப்பு. கடன் பட்டாலும் பரவாயில்ல."

"கடன் பட்டாலும் பரவாயில்லை" என்று நான் சொன்னது தவறு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மாதம் 67 ஆயிரம் என்று கணக்குப் போட்ட அதே வாய்தான் இதையும் சொன்னது. ஆனால் 21 வயதில் நின்றுபோன பெண்ணின் கணக்கை எந்த வட்டி விகிதத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எம்.பி.ஏ.வுக்கு மட்டும், அந்த 19 ஆயிரம் பவுண்டு எம்.பி.ஏ.வுக்கு மட்டும், எந்தக் காரணத்துக்காகவும் சரி சொல்ல மாட்டேன் என்று அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

பிள்ளைக்கும் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். எம்.எஸ்சி. கடிதம் அனுப்பிய பல்கலைக்கழகத்துக்கு அவளே மின்னஞ்சல் எழுத வேண்டும், கன்சல்டன்சி மூலமாக அல்ல. போன வருடம் இந்த வகுப்பில் படித்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேர் மார்க்கெட்டிங் வேலையில் இருக்கிறார்கள், எந்த மாதிரிக் கம்பெனிகளில், என்று கேட்க வேண்டும். எண்கள் சார்ந்த பாடங்கள் எத்தனை என்று கேட்க வேண்டும. அங்கே படித்து முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது தேடிப் பிடித்துப் பேச வேண்டும். பதில் சொல்ல மழுப்புகிற இடத்துக்கு வீட்டுப் பத்திரம் போகக் கூடாது. அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அவன் மூன்று வருட வாக்குறுதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. யோசிச்சுச் சொல்றேன் டீச்சர் என்று கவரை எடுத்துக்கொண்டான். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "எம்.பி.ஏ.ன்னா பத்திரிகைல போட நல்லா இருக்கும். எம்.எஸ்சி.ன்னா எப்படிப் போடுறது டீச்சர்?" என்றான்.

"பக்கத்துல யு.கே.ன்னு போட்டுக்க. ஆனா பத்திரிகையை அஞ்சு வருஷம் கழிச்சு அடி" என்றேன்.

பிள்ளை சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பினான். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.